படுக்க எடம் கெடச்சுச்சா?

அம்மாவுக்கு 83 வயது. வீட்டிலிருந்து யார் வெளியூர் போனாலும் இரவில் போன் செய்து அவர் கேட்கும் முதல் கேள்வி, "படுக்க எடம் கெடச்சுச்சா?" சாப்பாடு, உடம்பு, போன காரியம் எல்லாம் அதற்கப்புறம்தான். அசலூரில் பசித்தால் யாராவது ஒரு வாய் சோறு கொடுத்துவிடுவார்கள், படுக்க இடம் கொடுக்கத்தான் யோசிப்பார்கள் என்பது அவர் கணக்கு.

2023 டிசம்பரில் காசிக்குத் தனியாகப் போனேன். மூடுபனியில் ரயில் 7 மணி நேரம் தாமதம். உள்ளூர்க்காரர்கள் 'கான்ட்' என்று சொல்லும் வாரணாசி ஜங்ஷனில் இறங்கியபோது இரவு பத்தரை ஆகிவிட்டது. அம்மா கேட்டார். "கெடச்சிருச்சும்மா" என்றேன். கையில் ஒரு தர்மசாலாவின் முகவரி இருந்தது. அதை நம்பிச் சொன்ன பதில் அது.

கோதோலியா வரை ஆட்டோ போகும். அதற்கப்பால் சந்து, சந்துக்குள் சந்து. தர்மசாலாவைக் கண்டுபிடித்து மணியடித்ததும் மேலாளர் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கூட யாரும் இல்லை என்று தெரிந்ததும் "அகேலி?" என்று ஒரே ஒரு சொல் கேட்டுவிட்டுப் பேரேட்டை மூடினார். தனியாளுக்கு அறை கிடையாதாம். பெண் என்பதால் மட்டும் இல்லை, தனியாக வருகிற ஆணுக்கும் அதே பதில்தான். சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை.

அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. காசிக்குத் தனியாக வருகிறவர்களில் திரும்பிப் போகும் எண்ணம் இல்லாமல் வருகிறவர்களும் உண்டு. காலையில் ஓர் அறைக்கதவு திறக்காவிட்டால் காவல் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைவது அந்த மேலாளர்தான். திருமலையிலும் தேவஸ்தானத்து அறைகளைத் தனியாளுக்கு ஒதுக்குவதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், டிசம்பர்க் குளிரில் அந்தக் கதவு சாத்தப்பட்ட சத்தம் நெஞ்சில் விழுந்தது.

கடைசியில் பெங்காலி டோலாச் சந்தில் ஒரு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. பெண்களுக்கான டார்மிட்டரி, ஆறு படுக்கைகள், மாடி வைத்த கட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, தலைமாட்டில் குட்டி விளக்கு, போன் சார்ஜ் செய்ய ஒரு பிளக், கீழே பூட்டு போடும் பெட்டி. வாடகை 450 ரூபாய், ஜி.எஸ்.டி. 54. கவுன்டரில் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அங்கேயும் ஒரு விதி இருந்தது: 18 முதல் 45 வயது வரை. எனக்கு 55. அவன் ஆதார் அட்டையைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், "கீழ் படுக்கை ஒன்று இருக்கிறது, ஆன்ட்டி" என்று சாவியை நீட்டினான். அந்தப் பையன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதே ஒரு மாணவன் வந்தான். அறைத் தோழன் சாவியோடு ஊருக்குப் போய்விட்டான், ஓர் இரவுக்குப் படுக்கை வேண்டும் என்றான். ஆதாரில் வாரணாசி முகவரி. "உள்ளூர் அடையாள அட்டைக்குத் தருவதில்லை." உள்ளூர் இளைஞர்கள் கும்பலாக வந்து குடிப்பார்கள், மற்ற விருந்தினர்களுக்குத் தொல்லை என்று பல ஹாஸ்டல்கள் இப்படி வைத்திருக்கின்றன. அந்தப் பையன் வாதாடவில்லை. மஃப்ளரை இறுக்கிக்கொண்டு போய்விட்டான். அதே சந்தில் இரண்டு வீடு தள்ளி, முதுகுப் பை சுமந்த இரண்டு வெளிநாட்டுப் பெண்களை ஒரு லாட்ஜ் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததையும் வரும்போது பார்த்திருந்தேன். வெளிநாட்டவர் தங்கினால் அப்போது 'சி' படிவத்தை 24 மணி நேரத்துக்குள் பதிவேற்ற வேண்டியிருந்தது. அதற்கான பதிவும் இணையக் கணக்கும் இல்லாத சிறு லாட்ஜ்கள் அவர்களை ஏற்பதில்லை.

ஒரே இரவில், நடந்து போகும் தூரத்துக்குள், ஒருத்திக்குத் தனியாக வந்ததால் இல்லை, ஒருவனுக்கு இதே ஊர்க்காரன் என்பதால் இல்லை, இருவருக்கு அயல்நாட்டார் என்பதால் இல்லை. எல்லோரையும் கூப்பிடுகிற ஊர் காசி. வந்தவர்களை ராத்திரியில் தரம் பிரிப்பது வாசலில் கிடக்கும் அந்தப் பேரேடு. போர்வைக்குள் கிடந்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேரேடு பழையது. 1867-இல் ஆங்கிலேயர் போட்ட சராய் சட்டம் என்று ஒன்று உண்டு. வழிப்போக்கர் விடுதி நடத்துகிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், இடத்தைச் சுத்தமாகவும் நல்ல தண்ணீரோடும் வைத்திருக்க வேண்டும், நேற்றிரவு தங்கியது யார் என்று அதிகாரி கேட்டால் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் இன்றும் விடுதி திறக்கிறவர்கள் 'சராய் ஆக்ட்' பதிவுக்காக அலைகிறார்கள். நம் ஆதார் நகலை வாங்கி வைக்கும் பழக்கத்துக்கு அங்கேதான் வேர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கும் முந்திய வழி வேறு. ஏனுகுல வீராசாமி என்பவர் 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். போய்த் திரும்ப 15 மாதங்கள் ஆயின. அந்தப் பயணத்தைத் தெலுங்கில் எழுதி வைத்திருக்கிறார். வழியில் எந்த ஊரில் தங்க வசதி உண்டு, எங்கே தண்ணீர் நல்லது, எங்கே சாமான் கிடைக்கும் என்பதெல்லாம் அதில் வருகிறது. அன்றைய யாத்திரைக்காரருக்குக் கோயிலுக்குச் சமமான கவலை அடுத்த இரவு. சத்திரம் கட்டுவதைக் குளம் வெட்டுவதோடு சேர்த்து எண்ணியது அதனால்தான்.

தமிழர்கள் அந்தக் கவலையைக் காசியிலேயே போய்த் தீர்த்து வைத்தார்கள். கேதார் காட் படித்துறையில் 17-ஆம் நூற்றாண்டில் வந்து மடம் நிறுவியவர் குமரகுருபரர். கோதோலியாவுக்கு அருகில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சத்திரம் இன்றும் நடக்கிறது. அங்கிருந்து நாள்தோறும் விசுவநாதர் பூசைக்குரிய பொருட்களைச் 'சம்போ' என்று சொல்லிக்கொண்டு சந்துகள் வழியாக எடுத்துப் போகிறார்கள். தலைமுறைகளாகத் தொடரும் நடை அது. அந்தப் பூசைக்குப் பூக்கொடுக்கச் சிக்ராவில் வைத்திருந்த நந்தவனம் பல காலம் ஆக்கிரமிப்பில் கிடந்து, மீட்கப்பட்டு, அங்கே 140 அறைகளோடு புதிய சத்திரம் 2025 அக்டோபர் கடைசி நாளில் திறந்தார்கள். இத்தனை காலம் கழிந்தும் ஒரு சமூகம் "வருகிறவர்களுக்குப் படுக்க இடம் போதவில்லை" என்று கட்டடம் எழுப்பியது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் தடவை நான் காசி பார்த்தது 1996-இல். அப்பா, அம்மா, நான். தாத்தாவுக்குத் திதி கொடுக்கப் போனோம். தங்கியது அனுமான் காட்டில் ஒரு புரோகிதர் வீட்டு மாடியில். அந்தப் பகுதியில் சுவரில் தமிழ் எழுத்து தெரியும், ஜன்னல் வழியாக ரசம் கொதிக்கிற வாசனை வரும். சாஸ்திரிகள் வீட்டிலேயே தங்கல், அங்கேயே சாப்பாடு, படகு, திதி எல்லாம் சேர்த்து ஒரு தொகை. ஒரே கூடத்தில் மூன்று குடும்பங்கள். பாய், ஒரு சமுக்காளம், தலைக்கு அவரவர் பை. குளிக்க முற்றத்துக் குழாய். வரிசையில் நின்ற திண்டுக்கல் பாட்டி ஒருத்தி, முன்பின் தெரியாத என் அம்மாவுக்கு முதுகு தேய்த்துவிட்டாள். இன்றைக்கும் அம்மா காசி என்றால் விசுவநாதரைச் சொல்லிவிட்டு அடுத்தபடி அந்தப் பாட்டியைத்தான் சொல்கிறார்.

அதே அனுமான் காட்டில்தான் பாரதி 1898 முதல் 1902 வரை அத்தை குப்பம்மாள் வீட்டில் இருந்தார். தகப்பனை இழந்த பதினாறு வயதுப் பையனுக்குப் படுக்க இடம் கொடுத்தது அந்த வீடு. காசியில் அவர் கற்ற வடமொழியையும் ஹிந்தியையும் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அத்தை விரித்துப் போட்ட பாயைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை.

2023-இல் ஹாஸ்டலில் ஓர் இரவுதான் இருந்தேன். இளம்பெண்கள் அன்பாகப் பேசினார்கள். புனேயிலிருந்து ஒருத்தி, மணிப்பூரிலிருந்து ஒருத்தி, வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் ஊர் சுற்றுகிற ஒருத்தி. தனியாக வந்த பெண்ணுக்கு எந்தக் கேள்வியும் கேட்காமல் 450 ரூபாய்க்குப் பூட்டுள்ள பெட்டியும் வெந்நீரும் கிடைப்பது சாதாரண விஷயமா? என் இருபத்தைந்து வயதில் இப்படி ஒன்று இருந்திருந்தால் நான் எத்தனை ஊர் பார்த்திருப்பேன். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்களோடு நடைப்பயணம் போன இடத்தில் மழையில் மாட்டிக்கொண்டு, தங்க இடம் தேடித் தவித்த பிறகுதான் இளைஞர் விடுதி என்ற யோசனைக்கு வந்தார். 1912-இல் ஆல்டெனா கோட்டையில் முதல் விடுதி. வேர் எங்கே இருந்தாலும் கேள்வி என் அம்மாவுடையதுதான்.

மறுநாள் கேதார் காட் பக்கம் ஒரு வீட்டு கெஸ்ட் ஹவுஸுக்கு மாறினேன். இந்த வகை வீடுகள்தான் காசியின் உயிர் என்று சொல்வேன். கீழே குடும்பம், மேலே விருந்தினர். நடுவில் முற்றம், அதற்கு மேலே குரங்குகளுக்காகப் போட்ட இரும்புக் கம்பி வலை. செங்குத்தான கல்படி, ஒவ்வொன்றும் முக்கால் முழ உயரம். மொட்டை மாடியில் நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் கங்கையும். அறைக்கு 900 ரூபாய். ஜன்னலில் ஆறு தெரிந்தால் 1,500. கார்த்திகைப் பௌர்ணமியில் தேவ தீபாவளி வரும்போது அதே ஜன்னல் பல மடங்காகிவிடும்.

வீட்டுக்கார அம்மா காலையில் இஞ்சி டீ கொடுத்துக்கொண்டே கணக்குச் சொன்னார். இணையத்தில் பதிவாகும் அறைக்கு ஐந்தில் ஒரு பங்கு அந்த வலைத்தளத்துக்குப் போகிறது. நேரில் வருகிறவர்களை ஸ்டேஷனிலேயே ஆட்டோக்காரர்கள் "அந்த இடம் மூடிவிட்டார்கள்" என்று சொல்லித் தமக்குக் கமிஷன் கொடுக்கும் இடத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். சந்துக்குள் வண்டி வராது. கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், மெத்தை எல்லாமே ஆள் தலையில்தான் வர வேண்டும். படுக்கை விரிப்புகளைச் சலவைக்காரர் மூட்டை கட்டி எடுத்துப் போகிறார். படித்துறைக் கற்களில் வெள்ளை வெள்ளையாகக் காய்கிறதே, அதைப் படம் எடுக்காத பயணி இல்லை. அதில் பாதி கெஸ்ட் ஹவுஸ் விரிப்புகள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. கங்கையின் அபாய அளவு இங்கே 71.262 மீட்டர். 1978-இல் 73.901 வரை ஏறியது, அதுதான் உச்சம். ஆகஸ்ட், செப்டம்பரில் படித்துறைகள் ஒவ்வொன்றாக மறையும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஆற்றோரமாக நடக்க முடியாது, படகை நிறுத்திவிடுவார்கள். மணிகர்ணிகையில் சிதைகளை மேல் தளத்துக்கு ஏற்றுவார்கள். கீழ்த்தள அறைகளில் தண்ணீர் புகுந்தால் வடிந்த பிறகு சேறு அள்ளவே ஒரு வாரம் பிடிக்கும். இரண்டு மாதம் வருமானம் இல்லை, சுண்ணாம்புச் செலவு வேறு. 900 ரூபாய் வாடகைக்குள் இந்த ஆற்றின் கணக்கும் இருக்கிறது. அதன் பிறகு அங்கே நான் பேரம் பேசவில்லை.

இந்த வீடுகள் குறைந்து வருகின்றன. 2021 டிசம்பர் 13-இல் திறந்த விசுவநாதர் வளாகத்துக்காக 300-க்கும் மேற்பட்ட கட்டடங்களை வாங்கி இடித்தார்கள். கடைக்காரர்கள், குடித்தனக்காரர்கள், வீட்டுக்காரர்கள் என்று 1,400 பேர் வரை இடம் மாறினார்கள். சுமார் 3,000 சதுர அடியில் இருந்த கோயில் இடம் 5 லட்சம் சதுர அடியானது. 1996-இல் அந்தச் சந்து நெரிசலில் அப்பா மூச்சுத் திணறி ஒரு பூக்கடைத் திண்ணையில் உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. வயதானவர்களுக்கு இந்த விரிவு நிம்மதி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கூட்டம் பெருகியதும் சந்து வீடுகளின் விலை ஏறிவிட்டது. அன்று 'தர்மசாலா' என்று ஹிந்தியில் எழுதியிருந்த ஒரு வாசலில் இப்போது கண்ணாடிக் கதவும் காவலாளியும். படித்துறையில் தர்பங்கா ராஜா வாங்கி வைத்திருந்த அரண்மனை நட்சத்திர ஹோட்டலாகிப் பல வருடம் ஆகிறது. அரண்மனை ஹோட்டலாவது பற்றி எனக்கு வருத்தமில்லை, அது என்றைக்கும் நமக்குத் திறந்ததில்லை. ஏழைக்கென்று ஒருவர் எழுதி வைத்த கட்டடம் கண்ணாடிக் கதவு போட்டுக்கொள்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அரசுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. கோயில் வளாகங்களில் அறக்கட்டளைகள் நடத்தும் ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட அறைகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. நல்ல விஷயம். 900 ரூபாய்க்கு அறை விடும் வீட்டுக்கும் 450 ரூபாய்ப் படுக்கைக்கும் அந்தச் சலுகை இல்லை. 2022 ஜூலை வரை ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறை எதற்குமே வரி இருந்ததில்லை, பிறகு 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைத்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்கே திரும்பியிருக்கலாம். மூன்று வேளை டீயும் பிஸ்கட்டுமாக யாத்திரை போகிறவர்களுக்கு நான் அன்று கட்டிய 54 ரூபாய் என்பது ஒரு வேளைச் சாப்பாடு.

கோதோலியா பக்கம் 'காசி லாப் முக்தி பவன்' இருக்கிறது. இறக்கப்போகிறவர்களுக்கான விடுதி. 12 அறைகள். வாடகை கிடையாது. உயிர் பிரிய இரண்டு வாரம் தவணை, அதற்கு மேல் என்றால் பொதுவாக அறையைக் காலி செய்து மற்றவருக்கு விட வேண்டும். நான் வாசல்வரை போனேன். உள்ளிருந்து பஜனைச் சத்தம் கேட்டது. ஒரு நடுவயதுக்காரர் படியில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே தகப்பனோ தாயோ படுத்திருக்க, வெளியே இரவுச் சமையல். காசியின் விடுதிகளில் எதுவும் கேட்காமல் கதவு திறக்க, இங்கே வந்துதான் சேர வேண்டுமோ என்று நினைத்தபோது நிற்க முடியவில்லை, திரும்பிவிட்டேன்.

ஊர் திரும்பும் நாள், விடியுமுன் கான்ட் ஸ்டேஷனுக்கு வந்தேன். முன் மண்டபத்தில் இடைவெளியில்லாமல் மனிதர்கள். கம்பளிக்குள் தலை வரை மூடிய உருவங்கள், அவற்றின் நடுவே பித்தளைச் சொம்புகள், கங்கை நீர் நிரப்பிய பிளாஸ்டிக் கேன்கள். கிராமத்திலிருந்து நாற்பது ஐம்பது பேராக வந்து, குளித்து, கும்பிட்டு, அறை எதுவும் எடுக்காமல் அடுத்த ரயிலுக்குப் போகிறவர்கள். எந்த விடுதியின் பேரேட்டிலும் இவர்கள் பெயர் இருக்காது. முதல் நாள் இரவு பார்த்த அந்த மாணவன் இங்கேதான் எங்கேயாவது படுத்திருப்பான் என்று அப்போது தோன்றியது. இரண்டு கால்களுக்கு நடுவே அடி வைத்து அடி வைத்து என் பிளாட்பாரத்துக்குப் போனேன்.

போன மாதம் அம்மா திடீரென்று "இன்னொரு வாட்டி காசிக்குப் போகணும்" என்றார். முழங்கால் வலி, கண்ணில் ஆபரேஷன் செய்து ஆறு மாதம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆளுக்கொரு கட்டில், மேலைநாட்டுக் கழிப்பறை, வெந்நீர், ஆற்றுக்கு நடக்கிற தூரம். சிக்ராவின் புதிய சத்திரத்தில் லிப்ட் உண்டு, வசதி உண்டு, ஆனால் அம்மாவுக்கு ஆறு பக்கத்தில் இருக்க வேண்டும். கேதார் காட் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். என்னை ஞாபகம் வைத்திருந்தார். "உங்கள் அம்மா படி ஏறுவாரா?" என்று கேட்டார். அறை இரண்டாம் மாடியில், 31 படி. கீழே ஓர் அறை உண்டு, மாமனார் இருந்து கண்மூடிய அறை, வாடகைக்கு விடுவதில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். அவர் கட்டிலில் காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தோரு படிதான? ஏறிருவேன்னு சொல்லு. எறங்குறதப் பெறகு பாத்துக்கலாம்."